சாம்பல் சலித்த பாறை

ஐயாசாமிக் கங்காணி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அதனால் சாம்பலைத் தானே சலித்தார். கூலிகள் குடியிருக்கும் லயத்து அடுப்புகளிலிருந்து அள்ளிய சாம்பல் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய இருந்தது. அதைப் பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, பாறை முழுவதும் ஒரே சீராக உதிர விட்டார். கல் உடைக்கிற அந்தக் கல்லுமலை வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் முதுகை வளைத்து யாரும் பார்த்ததில்லை. முறைப்படி அது பச்சரிசி மாவாக இருக்க வேண்டும். ஆனால் சீமையில் சண்டை முடிந்த மறு வருஷம் அது. ரங்கூன் அரிசி வரத்து நின்று, பெக்கோக் ஊர்க் கடைகளில் மரவள்ளிக்கிழங்குக்கே வரிசை பிடித்து நின்றார்கள். இருக்கிறவன் சாப்பிடவே அரிசி இல்லாதபோது செத்தவன் நடந்து பார்க்க மாவுக்கு எங்கே போவது? சாம்பல் போதும் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

செத்துப்போனவன் பதினாறாம் நாள் விடிவதற்குள் ஒரு தடவை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போவான் என்பது அந்த லயத்துச் சனங்களின் நம்பிக்கை. கருமாதிக்கு முந்தின சாயங்காலம் அவன் புழங்கிய இடத்தில் மாவைச் சலித்து வைத்துவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். காலையில் வந்து தடம் பார்ப்பார்கள். பூச்சி ஊர்ந்தாற்போல் கோடு விழுந்திருந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். பறவைக் கால் பதிந்திருந்தால் ஜீவன் பறந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று சந்தோஷமாகவே அழுவார்கள். இதையெல்லாம் வீட்டுக்குள் செய்வதுதான் வழக்கம். ஆனால் லயத்து வீடு என்றால் மண் தரையும் நாலு வீட்டுக் கோழியும்தானே. ஒரு கோழியைப் பிடித்து நடக்கவிட்டால் தடம் ஆயிற்று. கங்காணிக்கு அந்த யோசனை செத்தவன் பெண்டாட்டி வெள்ளையம்மாவுக்கு முன்பே வந்துவிட்டது. ஆகவேதான், புலி அடித்துச் செத்தான் என்று ஊர் அழுத அவள் புருஷன் காளியப்பன் கடைசியாக வேட்டு வைத்துப் பெயர்த்த இடத்துக்கு எல்லோரையும் அழைத்து வந்திருந்தார். அந்த வேட்டில் மேல்தட்டு முழுவதும் கழன்று, அடியிலிருந்து புதுப் பாறை ஒன்று கூட்டி மெழுகிய முற்றம் போல அகலமாக வெளியே வந்திருந்தது. மூன்று பக்கமும் மலைச்சுவர், நாலாவது பக்கம் பஞ்சாபி ஜாகாவின் காவல் குடிசை. அவரைத் தாண்டி ஒரு கோழிக்குஞ்சு போக முடியாது.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார் கங்காணி, கையைத் தட்டிக்கொண்டே. "தடம் விழுந்தா காளியப்பன் செத்தது நெசம். காலையிலயே இவ தாலிய எறக்கிடணும். விழலன்னா அவன் உசுரோட இருக்கான்னு அர்த்தம். சிகாமாட்டுக்கு ஆள் அனுப்பி போலீசுல சொல்லிடுவேன்."

அவர் எல்லாருக்கும் சொல்வதாகச் சொன்னாலும் கண் வெள்ளையம்மாவின் மேல்தான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

காளியப்பனைப் புலி அடிக்கவில்லை. அது வெள்ளையம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் புலியைச் செய்தவளே அவள்தான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, அது காளியப்பன் விஷயத்தில் நடந்தது. பாறையில் துளை போடுகிற அவன், பேசினாலும் கல் உடையும் சத்தத்தில் கேட்காத அளவுக்கு மெதுவாகப் பேசுகிறவன். வேட்டில் இடது கையின் இரண்டு விரல்கள் போனபோதுகூட யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஒருநாள், காய்ச்சலோடு சல்லி உடைத்துக்கொண்டிருந்த தன் பெண்டாட்டியைக் கங்காணி காலால் எத்தி எழுப்பியதைப் பார்த்தான். பார்த்தவன் சம்மட்டிப் பிடியாலேயே கங்காணியின் தோளில் ஒன்று வைத்தான். அத்தனை ஆட்களுக்கு முன்னால் கங்காணி மண்ணில் உட்கார்ந்தார். அதற்கு மேல் அந்த மலையில் அவனுக்கு என்ன இருக்கிறது? பிடிபட்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போகுமுன் கங்காணியின் ஆட்கள் கையில் என்ன நடக்கும் என்பது அவனுக்கு முன்னால் அடிபட்டவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டுகிற நேரத்தில் அவன் ரயில் பாதையைப் பிடித்துத் தெற்கே நடந்தான். கூலாய் வரை நடந்துவிட்டால் தெரிந்தவர்கள் உண்டு, அங்கிருந்து ஜொகூர் பாரு, அங்கிருந்து படகு, அக்கரையில் சிங்கப்பூர்க் கப்பல்துறை. "ஆள் அனுப்புறேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காத," என்று மட்டும் சொன்னான். வெள்ளையம்மா தன் முட்டைக்கோழியை அறுத்தாள். ரத்தத்தை அவன் துண்டில் தேய்த்து, நாலாகக் கிழித்து, காட்டோரத்து முள்ளில் மாட்டினாள். கோழியைச் சாப்பிடவும் முடியவில்லை, வாசனை வெளியே போகுமே என்று குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் துண்டைக் கண்டெடுத்தவர்கள் கத்தியபோது அவளும் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

எல்லோரும் நம்பினார்கள், கங்காணியைத் தவிர. "புலி துண்ட மட்டும் துப்பிட்டுப் போவுமா?" என்று அன்றைக்கே கேட்டார். ஆனாலும் அவர் கெட்டிக்காரர். செத்தவன் என்று சனங்கள் அழுதுகொண்டிருக்கும்போது ஓடிப்போனவன் என்று தேடினால் அவன் தன்னை அடித்த அடி மறுபடி பேச்சாகும். அதைவிட, பெண்டாட்டி வாயாலேயே வரவழைக்கலாம். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த எந்தப் பெண்ணாவது தாலியை இறக்கக் கழுத்தை நீட்டுவாளா? காலில் விழுந்து உண்மையைக் கக்கிவிடுவாள். கக்காவிட்டாலும் வெறும் பாறையில் எந்தத் தடமும் விழப்போவதில்லை, போலீசுக்குச் சொல்லிவிடலாம். இரண்டு விரல் இல்லாத ஆளைப் படகுத் துறையில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எப்படிப் போனாலும் அவருக்கு ஜெயம்.

இதை வெள்ளையம்மாவும் யோசித்து முடித்திருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயை மூடிக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். அன்று ராத்திரி கூரையில் தூறல் விழுந்தது. சாம்பல் கரைந்துவிட்டால் நல்லது, மழை கெடுத்துவிட்டது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் நாள் தள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு தூறலும் நின்றுவிட்டது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போனவர் கங்காணிதான். பாறை விளிம்புக்குப் போனவர் அங்கேயே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் மோதாமல் இரண்டு பக்கமும் பிரிந்து எட்டிப் பார்த்தார்கள். சந்திரமதி, லயத்துக் கைம்பெண்களில் மூத்தவள், தாலி இறக்குவதற்கென்று கையில் தண்ணீர்ச் செம்போடு வந்திருந்தாள். அந்தச் செம்பு பாறையில் இடித்து நங்கென்றது.

தூறல் பாறையின் மேட்டிலிருந்த சாம்பலைக் கழுவி எடுத்துவிட்டிருந்தது. பள்ளங்களில் இருந்ததை விட்டுவிட்டது. அவ்வளவு நாளாக ஒருவர் கண்ணுக்கும் படாத, கல்லின் நிறத்திலேயே கலந்து கிடந்த பள்ளங்கள். இப்போது அவை ஈரத்தில் கறுத்த கல்லின் மேல் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. முன்னால் மூன்று விரல், பின்னால் குதி. கோழிக் கால்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம் இருந்தது. வலது, இடது, வலது என்று வரிசையாக, ஒரு ஆள் தாண்ட முடியாத எட்டு வைத்து, பாறையைக் குறுக்கே கடந்து போயிருந்தன. விரல் நுனிகளில் நகம் கீறிய இடத்தில்கூடச் சாம்பல் தேங்கியிருந்தது.

"முருகா," என்றாள் யாரோ ஒருத்தி, மெதுவாக.

வெள்ளையம்மா அந்தத் தடங்களைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு உறைத்தது. செத்துவிட்டான். உண்மையாகவே செத்துவிட்டான். ரயில் பாதையோரம் புலி எந்தப் புதரிலிருந்து வந்ததோ, எந்தப் பாலத்தில் வழுக்கினானோ. புலி அடித்தது என்று இவள் துண்டைக் கிழித்துப் போட்டாள், அந்த வார்த்தையை மேலே இருக்கிற எவனோ கேட்டுக்கொண்டிருந்து நிஜமாக்கிவிட்டான். உயிரோடு இருக்கிறவனுக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாளே, அப்படி அழலாமா? கோழி ரத்தம் தன் கையிலிருந்து இன்னும் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்ததை நம்புவதா, கண்ணெதிரே கிடப்பதை நம்புவதா என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கையில் கால்கள் முடிவு செய்துவிட்டன. பாறை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கங்காணியும் ஆடித்தான் போயிருந்தார். தோளைத் தடவிக்கொண்டார், அடிபட்ட தோளை. அவர் ஒரு தந்திரத்துக்காகச் சாம்பல் சலித்தவர். தந்திரத்துக்குச் சலித்த சாம்பலில் நிஜமாகவே தடம் விழுந்தால் மனுஷன் என்ன செய்வான்? ஜாகாவைக் கூப்பிட்டு ராத்திரி யாராவது வந்தார்களா என்று கேட்டார். பூனைகூட வரவில்லை என்று ஜாகா தன் தாடிமேல் சத்தியம் செய்தார். கங்காணி மறுபடி பாறையைப் பார்த்தார். தடங்கள் மலைச்சுவரின் அடியிலிருந்து ஆரம்பித்திருந்தன. மலைக்குள்ளிருந்து புறப்பட்டு வெளியே நடந்து வந்தாற்போல.

"சரி," என்றார். "வந்துட்டுப் போயிட்டான். சந்திரமதி, ஆவ வேண்டியதப் பாரு."

சந்திரமதி வெள்ளையம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளையம்மா கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். இப்போது அவளுக்குக் கங்காணியும் இல்லை, போலீசும் இல்லை. அவன் செத்துவிட்டான் என்றால் இந்தத் தாலி ஒன்றுதான் மிச்சம் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கங்காணி, தான் காத்திருந்த மறுப்பு இதுதான் என்பதுபோல், தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது.

அப்போதுதான் சாலைப் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. புதுச் சாலைக்கு அளவெடுக்க வந்து தங்கியிருந்த சர்வே துரையும், ஆஸ்பத்திரி டிரெஸர் மரியநாதனும் வந்துகொண்டிருந்தார்கள். துரைக்கு மலாய் அரைகுறை, தமிழ் சுத்தமாக இல்லை. அதனால் காயத்துக்கு மருந்து போடுகிற மரியநாதனையே வாய்க்கும் வைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து விபத்து என்று நினைத்து இறங்கி வந்திருக்க வேண்டும். பாறையைப் பார்த்ததும் துரை கூட்டத்தை மறந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு, காற்சட்டை நனைய முழங்காலிட்டு, முதல் தடத்தின் மேல் கையை விரித்து வைத்தார். கை மூன்றில் ஒரு பங்கைக்கூட மூடவில்லை. அவர் விடாமல் பேசினார். பேசிக்கொண்டே தடத்துக்குத் தடம் தவழ்ந்து போனார். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு வெள்ளைக்காரர் நாலு காலில் போவதைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"என்னா டிரெஸர், தொர என்னா சொல்றாரு?" என்றார் கங்காணி.

மரியநாதன் கேட்டுக் கேட்டுச் சொன்னார். "இது ஒரு பறவையோட காலடியாம். ஆனா இப்ப உள்ள பறவை இல்ல. ஆள விட உசரமா, றெக்க இருந்தும் பறக்காம, தரையிலயே நடக்கற பறவை. எப்பவோ அழிஞ்சு போச்சாம். அது நடந்தப்ப இது பாறை இல்ல, சேறு. சேத்துல பதிஞ்சது அப்படியே காஞ்சு, மேல மண்ணு மூடி, கல்லாயிடுச்சு. மேல்தட்ட வேட்டு வச்சுப் பேத்ததும் வெளிய வந்திருக்கு. நிச்சயமா இதுதான்னு அவரால சொல்ல முடியாது, தெரிஞ்ச ஆளு வந்து பாக்கணும்னு சொல்றாரு. ஆனா இது பழசு, ரொம்பப் பழசு. மனுசங்களே இல்லாத காலம். அங்க பாருங்க, மலைக்கு அடியில போவுது தடம். மேல இருக்கற மலையே அதுக்கப்புறம் வந்ததுதானாம்."

மரியநாதன் சொல்லச் சொல்ல வெள்ளையம்மா தலையை நிமிர்த்தினாள். பறக்காத பறவை, சேறு, மலைக்கு முந்தின காலம் எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்றே ஒன்று பிடிபட்டது. இது நேற்று ராத்திரி விழுந்தது இல்லை. முன்பே இருந்திருக்கிறது. காளியப்பன் இதன் மேலேயே நின்று நாளெல்லாம் துளை போட்டிருக்கிறான். சாம்பல் காட்டிக்கொடுத்ததே தவிர, இதில் நடந்தது அவன் இல்லை. அவன் சாகவில்லை. அப்படியென்றால் கூலாயோ ஜொகூர் பாருவோ, எங்கேயோ, மூன்று விரல் கையால் சோற்றுக் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை சனத்துக்கு முன்னால், கருமாதிக் காலையில், வாய்விட்டுச் சிரித்துவிடுவோம் என்று பயந்து முந்தானையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள் பாவம் என்றார்கள்.

ஆனால் அந்தச் சந்தோஷம் முழுசாக நெஞ்சில் இறங்குமுன் கங்காணியும் அதே கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். "அப்ப இது காளியப்பன் இல்ல," என்றார்.

"எப்படிக் காளியப்பனா இருக்கும்?" என்றார் மரியநாதன். தாலி, செம்பு, சந்திரமதி எல்லாம் இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. மனுஷன் நல்லவர். நல்லவர்கள் ஆழம் தெரியாமல் காலை விடுவது புதிதா என்ன? "கங்காணியாரே, இந்தப் பள்ளத்தப் பாத்தா இந்தப் புள்ள தாலிய அறுக்கப் போறீங்க? ஒடம்பு கெடைக்கல, எலும்பு கெடைக்கல. துண்டு ஒண்ணுதான கெடைச்சுது? அவன் உசுரோடகூட இருக்கலாம். நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

கங்காணி சிரித்தார். பதினாறு நாளில் முதல் தடவை. "அதத்தான் டிரெஸர் நானும் சொல்றேன். உசுரோட இருக்கான். எங்க இருக்கான்னு இவளக் கேளுங்க."

"நான் தொரைகிட்டயே சொல்லி, ஸ்டேஷன் ஸ்டேஷனா தந்தி அடிக்கச் சொல்றேன்," என்றார் மரியநாதன். உதவி செய்கிற வேகத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. "காட்டுல அடிபட்டுக் கெடந்தாக்கூடக் கண்டுபுடிச்சிரலாம். நீ அழாதம்மா. நான் பாத்துக்கறேன்."

வெள்ளையம்மாவுக்கு அந்த மனுஷன் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் அவளுக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் காளியப்பனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. துரை இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருந்தார். தந்தி என்று டிரெஸர் அவர் காதில் போட்டால் அவர் மறுபேச்சில்லாமல் சரி என்பார். கங்காணி மட்டும் தேடினால் நாலு ஆள். துரை தேடச் சொன்னால் ரயில் பாதை முழுவதும்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்பது இப்போது அவளுக்குச் சத்தியமாகத் தெரியும். தெரிந்துகொண்டே தாலியை இறக்கினால்? புருஷன் இருக்கத் தாலியைக் கழற்றினவளின் புருஷன் நீடிக்க மாட்டான் என்று அவள் கேட்டிருக்கிறாள். விளையாட்டுக்குக்கூட அவிழ்க்கக் கூடாது. கோழி ரத்தம் தேய்த்ததற்கே கொஞ்சம் முன்பு அவள் உயிர் போய் வந்தது. இதையும் செய்தால் கேட்கிறவன் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பானா? செய்யாவிட்டால் அவனுக்குச் சிகாமாட்டு ஜெயில். இல்லை, ஜெயில் வரைக்குமே போக மாட்டான். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"டிரெஸர் ஐயா," என்றாள். குரல் அவளுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "நீங்க வேதக்காரரு. ஒங்க சாமி மூணாம் நாளு எந்திரிச்சு வந்தாருன்னு நீங்க சொன்னா, நாங்க இல்லன்னா சொல்றோம்? எங்க வீட்டு ஆளு பதினாறாம் நாளு வந்துட்டுப் போயிருக்காரு. நான் கண்ணால பாத்துட்டேன். தொர வந்து பறவைன்னா, ஆமா, பறவதான். பறவையாத்தான் வருவாங்க."

மரியநாதன் அடிபட்டவர் போல ஓரடி பின்னுக்கு நகர்ந்தார். சனங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர்களுக்கும் துரையின் கதையைவிட இதுதான் நம்பும்படி இருந்தது.

"இப்ப எறக்க வேணாம்னு கத்துனியே," என்றார் கங்காணி.

"எவ கத்தமாட்டா?"

அவர் குந்தி உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தார். வெற்றிலை வாசனை அடித்தது. ஆள் பயந்தால் கண் எங்கே ஓடும் என்று பார்த்துப் பழகியவர். வெள்ளையம்மா கண்ணை ஓடவிடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கழுத்திலிருந்து சேலையை விலக்கினாள்.

"அக்கா, எறக்குங்க."

சந்திரமதி கயிற்றைப் பிடித்தாள். மஞ்சள் கயிறு வேர்வையில் நனைந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் பிராண்டிப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள், அவிழவில்லை. அவ்வளவு நேரமும் வெள்ளையம்மா கங்காணியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒருத்தி, காளி, காளி, என்று புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதையும் மறந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிச்சுக்க, சிரஞ்சீவியா இரு, இது பொய், இது பொய், கேட்கிற சாமியே இதைக் கணக்கில் வைக்காதே. யாரோ வெட்டுக்கத்தி ஒன்றை நீட்டினார்கள். கத்தியின் குளிர் பிடரியில் பட்டது. ஒரு இழுப்பில் கயிறு அறுந்தது. பாலில்தான் போட வேண்டும். பால் இல்லாததால் சந்திரமதி தாலியைத் தண்ணீர்ச் செம்பிலேயே போட்டு மேலே தன் முந்தானையால் மூடினாள். பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். அப்போது வெள்ளையம்மாவிடமிருந்து வந்த சத்தம் நடிப்பு இல்லை. காட்டோரத்தில் துண்டுக்காக அவள் கத்தியதைக் கேட்டவர்கள் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து நடுங்கினார்கள். கங்காணிக்கும் தெரிந்தது. அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார். கையை ஊன்றி எழுந்து, வேட்டியில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டார்.

"சிகாமாட்டுக்கு ஆள் போவ வேணாம்," என்றார் பொதுவாக. "செத்தவன எங்க தேடறது. தந்தி கிந்தி ஒண்ணும் வேணாம் டிரெஸர், தொரைய அவரு வேலையப் பாக்கச் சொல்லுங்க."

துரை தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையிலிருந்த வண்டியிலிருந்து ஆட்கள் மூன்று கால் வைத்த மரப்பெட்டியை இறக்கி வந்து பாறை விளிம்பில் நிறுத்தினார்கள். துரை கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார், வெளியே வந்தார், கைவிரித்து ஏதோ சொன்னார். வெறும் தடத்தை மட்டும் படம் பிடித்தால் அது எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதாம். ஒரு ஆள் அதில் காலை வைத்து நிற்க வேண்டும். வேட்டி கட்டின ஆண்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். செத்தவன் வந்து போன தடத்தில் எவன் காலை வைப்பான்? துரையின் கண் சுற்றி வந்து, ஒப்பாரி ஓய்ந்து தனியாக உட்கார்ந்திருந்த சின்ன உருவத்தின் மேல் நின்றது. சின்ன ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்திருப்பார். விரலை நீட்டினார்.

மரியநாதன் அவரிடம் இங்கிலீஷில் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தார். துரை, ஒரு நிமிஷம்தானே என்பதுபோல் விரலைக் காட்டினார். மரியநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே வெள்ளையம்மாவிடம் வந்தார். "வேணான்னா வேணான்னு சொல்லும்மா. நான் சொல்லிக்கறேன். இந்தப் படம் சிங்கப்பூர் பேப்பருல எல்லாம் வருமாம்."

சிங்கப்பூர் என்றதும் அவள் நிமிர்ந்தாள். பேப்பர் அவன் படிக்கமாட்டான். படம் பார்ப்பான். கப்பல்துறையில் எவனாவது கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில் இருந்தாலும் பார்ப்பான். ஊர்க் கணக்கில் நீ செத்தாயிற்று, இனி யாரும் தேடவில்லை என்று அவனுக்குச் சொல்ல அவளிடம் வேறு வழி எதுவும் இல்லை. பார்த்தால் கழுத்தையும் பார்ப்பானே. அதைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்புவானா, பயந்து அனுப்பாமல் விட்டுவிடுவானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எழுந்து போனாள். மலைச்சுவரிலிருந்து எண்ணி நடுவில் இருந்த தடத்தைத் துரை காட்டினார். அதற்குள் இறங்கினாள். சாம்பல் கரைந்த தண்ணீர் அதில் விரல் நனைகிற அளவுக்குத் தேங்கியிருந்தது, ஐஸ் மாதிரி இருந்தது. அவளுடைய இரண்டு கால்களும் அந்த ஒரு தடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.

"இங்க, பெட்டியப் பாரு. ஆடக்கூடாது," என்றார் மரியநாதன்.

துரை பெட்டியின் மூடியைக் கழற்றி எண்ண ஆரம்பித்தார். அப்போது அவளை அறியாமலே அவள் வலது கை எழுந்து கழுத்துக்குப் போய், அங்கே எதையோ தேடித் தடவியது. துரை எண்ணுவதை நிறுத்திவிட்டு உச்சுக் கொட்டினார். பெட்டிக்குள் படம் விழுகிற கண்ணாடித் தகட்டை மாற்றினார்.

"தொர கோவிக்கல," என்றார் மரியநாதன். "கை ஆடிட்டா படத்துல புகையா விழுமாம். இன்னொரு வாட்டி. கையக் கீழ போட்டுக்கம்மா."

அவள் கையைக் கீழே போட்டாள். கங்காணி சற்றுத் தள்ளிக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துரை மறுபடி எண்ணினார். பறக்கத் தெரியாத ஏதோ ஒன்று என்றைக்கோ ஊன்றிவிட்டுப் போன குழிக்குள், சாம்பல் தண்ணீர் காலைச் சுற்றித் தெளிந்துகொண்டிருக்க, வெறுங்கழுத்தை நிமிர்த்தி, பெட்டியின் கண்ணாடிக்குள் தெற்கே இருக்கிற யாரையோ பார்க்கிறவள் மாதிரி, வெள்ளையம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.